'பம்பாய்': திருமணத்துக்குப் பிறகு தொடங்கும் படம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மணிரத்னம் இயக்கிய 'பம்பாய்' 1995 மார்ச் மாதம் தமிழில் வெளியானது. மதம் கடந்து மணந்துகொள்ளும் இருவரின் கதை. காதலிப்பவர்கள், பிள்ளையின் காதலை அண்மையில் அறிந்த பெற்றோர், இதைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சில கேள்விகள் படத்தோடு முடிந்துவிடும். வேறு சில நேராகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே கொண்டுபோய்விடும். இரண்டையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவும் பதில்களில் வருகிறது.

இது கலவரப் படம்தானே? குடும்பப் படம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கலவரம் படத்தின் பின்பாதியை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அந்த டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படியே ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தார்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள் வந்த படம் என்பதால் அதன் பெயரைச் சொன்னாலே கலவரம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் படம் எதைத் தூக்கிச் சுமக்கிறது என்று பாருங்கள். ஒரு மகன், ஒரு மகள், அவர்களைக் கைவிட்ட இரண்டு வீடுகள், பிறகு பிறக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள். நம் காதல் படங்களில் பெரும்பாலானவை தாலி கட்டியதும் முடிந்துவிடும், அல்லது தாலி கட்ட விடாமல் சாகடித்துவிடும். இந்தப் படத்தில் இடைவேளைக்கு முன்பே திருமணம் நடந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. நான் இதைக் குடும்பப் படம் என்று சொல்வது அதனால்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். நாராயண பிள்ளையின் மகன் சேகர் பம்பாயில் படித்துப் பத்திரிகைத் துறையில் வேலை பார்ப்பவன். விடுமுறைக்கு ஊர் வந்தவன், செங்கல் சூளை வைத்திருக்கும் பஷீரின் மகள் ஷைலா பானுவை விரும்புகிறான். இரண்டு வீடுகளும் மறுக்கின்றன. சேகர் பம்பாய் திரும்பி, ஷைலாவுக்கு ரயில் டிக்கெட் அனுப்புகிறான். அவள் வந்து சேருகிறாள், பதிவுத் திருமணம் செய்துகொள்கிறார்கள். இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. குழந்தைகள் ஓரளவு வளர்ந்த நேரத்தில் கலவரம் வெடிக்கிறது. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்ற பதற்றத்தில் ஊரிலிருந்து பெரியவர்கள் ஓடிவருகிறார்கள். ஜனவரிக் கலவரத்தில் தீயில் தாத்தாக்கள் இருவரும் ஷைலாவின் தாயும் இறக்கிறார்கள், குழந்தைகள் தொலைந்துபோகிறார்கள். குழந்தைகள் கிடைத்துவிடுகிறார்கள்.

நடித்தவர்கள் யார்?

சேகராக அரவிந்த்சாமி, ஷைலாவாக மனிஷா கொய்ராலா. மனிஷாவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் நடிகை ரோகிணி. நாராயண பிள்ளையாக நாசர், பஷீராகக் கிட்டி. இந்த இருவரின் தேர்வு பலரும் குறிப்பிட்டுப் பாராட்டியது: இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த நாசர் இந்துத் தந்தையாகவும், கிருஷ்ணமூர்த்தி என்கிற கிட்டி இஸ்லாமியத் தந்தையாகவும் நடித்தார்கள். இசை ஏ. ஆர். ரகுமான், பாடல்கள் வைரமுத்து, ஒளிப்பதிவு ராஜீவ் மேனன், கலை தோட்டா தரணி.

கதை நடக்கும் இடங்களிலேயே படம் எடுக்கப்பட்டதா?

எல்லாம் அங்கேயே எடுக்கப்படவில்லை. 'கண்ணாளனே' பாடலில் தெரியும் பெரிய தூண்கள் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுடையவை. 'உயிரே' பாடலின் மழையும் கோட்டையும் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் உள்ள பேக்கல் கோட்டை. பம்பாய்த் தெருக்களில் பெரும்பகுதி சென்னையில் போடப்பட்ட அரங்கம்.

திருமணத்துக்காக ஷைலா மதம் மாறுகிறாளா?

இல்லை. சேகரும் மாறுவதில்லை. படத்தின் மிகத் துணிச்சலான முடிவு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊரில் மதம் கடந்த திருமணம் என்றால் அடுத்த கேள்வி "யார் மாறினார்கள்?" என்பதாகவே இருக்கும். கேட்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் ஒரே சாமி, ஒரே பண்டிகை, ஒரே சாவுச் சடங்கு என்பதுதான் அவர்கள் கண்ட வாழ்க்கை. இருவரும் அவரவராகவே இருந்து ஒரு வீட்டை நடத்த முடியும் என்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. படம் அதைக் கண்முன் காட்டுகிறது. வாதாடவில்லை, வசனமாக நீட்டவில்லை. இட்லி வேகிற, குழந்தை அழுகிற ஒரு வீடாகவே வைத்துக் காட்டுகிறது.

பெற்றோரை வில்லன்களாகக் காட்டுகிறதா? அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தால் சங்கடமாக இருக்குமா?

தொடக்கத்தில் அப்பாக்கள் இருவரும் கடுமையாகத்தான் இருக்கிறார்கள். பெண் கேட்கச் சேகர் பஷீரின் வீட்டுக்குப் போகும் இடத்திலும், நாராயண பிள்ளையும் பஷீரும் நேருக்கு நேர் மோதும் இடத்திலும் கோபம் எல்லை மீறுகிறது. மகனைத் தலைமுழுகுகிற அப்பாவை நாசர் எந்தச் சலுகையும் கொடுக்காமல் நடித்திருக்கிறார்.

ஆனால் இந்த இருவரும் பம்பாய்க்கு வந்து சேர்ந்த பிறகு வரும் பகுதியைப் பொறுமையாகப் பாருங்கள். பேரன்களை யார் மடியில் வைத்துக்கொள்வது, யார் வழியில் வளர்ப்பது என்று இரண்டு கிழவர்களும் முறைத்துக்கொள்கிறார்கள். ஊரில் அரிவாள் வரை போன பகை, இங்கே பேரப்பிள்ளைகள் முன்னால் சிறுபிள்ளைச் சண்டையாகச் சுருங்குகிறது. பிறகு தெருவில் ஒரு கும்பல் பஷீரை மறிக்கும்போது, அவரைக் காப்பாற்ற முன்னால் நிற்பவர் நாராயண பிள்ளை. மகனின் காதல் செய்ய முடியாததைப் பேரன்களின் இருப்பு செய்துவிடுகிறது. எத்தனையோ வீடுகளில் நடக்கும் விஷயம் இது. கல்யாணத்துக்கு வராதவர்கள் பிரசவத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஆகவே சங்கடம் இருக்கும், அது முதல் பாதியில். இரண்டாம் பாதியில் உங்கள் அப்பா அமைதியாகிவிட்டால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வீட்டில் மறுக்கிறார்கள். இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினால் மனம் மாறுமா?

அந்த நம்பிக்கையில் போடாதீர்கள். ஏற்கெனவே பயந்திருக்கும் ஒரு தாய்க்கு இந்தப் படம் தரும் செய்தி நேர் எதிராகவும் இருக்கலாம்: "பார், கடைசியில் எல்லாரும் எரிந்தார்கள்". அவர்களுடைய அச்சம் என்ன என்பதை முதலில் கேளுங்கள். உறவினர் பேச்சா, தங்கையின் கல்யாணமா, பேரப்பிள்ளை தங்களுக்கு அந்நியமாகிவிடுமோ என்பதா? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பதில் உண்டு. பேச்சு ஓரளவு இளகிய பிறகு சேர்ந்து பார்த்தால் பயன் உண்டு.

இரட்டையர்களின் பெயர்கள் என்ன? பிள்ளைகள் எந்த மதம்?

கபீர் நாராயண், கமல் பஷீர். ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு தாத்தா இருக்கிறார். தங்களை ஒதுக்கியவர்களின் பெயரையே பிள்ளைகளுக்கு வைத்த அந்தப் பெற்றோரின் மனதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கலவரத்தில் ஒரு கும்பல் இந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் இந்துவா முஸ்லிமா என்று கேட்கிறது. படம் அதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் கேள்வியே ஒரு குழந்தையை எப்படி நடுங்க வைக்கிறது என்பதைக் காட்டுகிறது.

நடைமுறையைக் கேட்பவர்களுக்கு: சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்தவர்களின் குழந்தை இன்ன மதத்தில்தான் வளர வேண்டும் என்று அந்தச் சட்டம் எதுவும் சொல்வதில்லை. அது பெற்றோர் இருவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் ஆகியவற்றை நிரப்பாமல் விடவும் வழி இருக்கிறது. அதற்கான அரசாணைகள் உண்டு. பள்ளியில் மறுத்தால் ஆணையைக் காட்டிக் கேளுங்கள். ஆனால் இதையெல்லாம் குழந்தை பிறந்த பிறகு, மாமியாரும் அம்மாவும் தொட்டிலின் இருபுறமும் நிற்கும்போது பேசத் தொடங்காதீர்கள். பெயர், காதணி விழா, சுன்னத், உணவு, பண்டிகை என்று திருமணத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகப் பேசிவிடுங்கள்.

படத்தில் வருவதுபோல் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய் உடனே பதிவுத் திருமணம் செய்ய முடியுமா?

முடியாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சேகர், ஷைலா போல வெவ்வேறு மதத்தவர் மதம் மாறாமல் மணந்துகொள்ள உதவுவது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவருக்கும் உயிரோடு உள்ள வேறு துணை இருக்கக் கூடாது. விலக்கப்பட்ட உறவு முறையில் இருக்கக் கூடாது. சுய நினைவோடு சம்மதம் தரும் நிலையில் இருக்க வேண்டும்.

முதலில் திருமண அலுவலரிடம் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த அலுவலரின் எல்லைக்குள் முந்தைய 30 நாட்களாவது வசித்திருக்க வேண்டும். சேகர் பம்பாயிலேயே இருந்ததால் இது சரியாகிவிடும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லாரும் காணும் இடத்தில் ஒட்டப்படும். அதன் பிறகு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இன்னொரு பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. மணமக்களில் ஒருவரின் நிரந்தர வசிப்பிடம் வேறு மாவட்டத்தில் இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்ட அலுவலருக்கும் போகும், அங்கும் ஒட்டப்படும். அதாவது சட்டப்படி நடந்திருந்தால் ஷைலாவின் பெயர் போட்ட தாள் திருநெல்வேலி அலுவலகச் சுவரில் தொங்கியிருக்கும். பஷீருக்குத் தெரிய எத்தனை நாள் ஆகியிருக்கும்? படம் இந்தப் பகுதியைச் சட்டென்று கடந்துவிடுகிறது. நிஜத்தில் பல காதலர்களின் உயிர் ஊசலாடுவது இந்த 30 நாட்களில்தான். இந்த அறிவிப்பை வெளியிடுவது தனிமனித உரிமையைப் பாதிக்கிறது என்பது பல ஆண்டுகளாக எழுப்பப்படும் முறையீடு. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டால் மட்டுமே அறிவிப்பை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் அந்தப் பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை. நீக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பெற்றோர் ஆட்சேபம் தெரிவித்தால் திருமணம் நின்றுவிடுமா?

பிடிக்கவில்லை என்பது ஆட்சேபமே ஆகாது. வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், விலக்கப்பட்ட உறவு, சம்மதம் தரும் நிலை ஆகிய மேலே சொன்ன நிபந்தனைகளில் ஒன்று மீறப்பட்டால் மட்டுமே அது செல்லும். அலுவலர் 30 நாட்களுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தடையில்லை என்றானதும் மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அறிவிப்புத் தந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திருமணத்தை முடித்துவிட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டால் இந்தக் காத்திருப்பு இல்லையே?

அது இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டும். தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சிக்கு வந்த 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணந்துகொள்ளலாம். சாதி கடந்தவர்களுக்கும், தமிழ்–தெலுங்கு, தமிழ்–வங்காளம் என மொழி கடந்த இந்துக்களுக்கும் இது போதும். சேகருக்கும் ஷைலாவுக்கும் போதாது.

ஷைலாவுக்குத் தாய்வீட்டுச் சொத்து போய்விடுமா?

மதம் கடந்து மணந்ததால் மட்டும் வாரிசுரிமை பறிபோகாது. ஆனால் வேறு மாற்றங்கள் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி வேற்று மதத்தவரை மணக்கும் இந்து, கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். இப்படி மணந்தவர்கள் இறந்தால், அவர்களுடைய சொத்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மணமக்கள் இருவருமே இந்துக்களாக இருந்தால் 1976 திருத்தத்துக்குப் பிறகு இந்த இரண்டும் பொருந்தாது. நிலம், பூர்வீக வீடு என்று பெரிய சொத்து இருக்கும் குடும்பமாக இருந்தால் திருமணத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படத்துக்கு என்ன எதிர்ப்பு வந்தது?

வெளியாகும் முன்பே தணிக்கையிலும் மும்பை அரசியலிலும் சிக்கிக்கொண்டது. இந்து, முஸ்லிம் இரு தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தடை விதிக்கப்பட்டது. 1995 ஜூலையில் சென்னையில் மணிரத்னத்தின் வீட்டில் குண்டு வீசப்பட்டு அவர் காயமடைந்தார். அதே படத்துக்குத்தான் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் தேசிய விருதும் கிடைத்தது.

படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. பெரும்பான்மை மதத்து ஆண், சிறுபான்மை மதத்துப் பெண் என்பது நம் சினிமாவின் பாதுகாப்பான சூத்திரம். மாறாக, ஒரு பஷீரின் மகன் ஒரு பிள்ளையின் மகளைக் காதலித்திருந்தால் திரையரங்குகள் 1995-இல் எப்படி எதிர்கொண்டிருக்கும்? இன்றைக்கு எப்படி எதிர்கொள்ளும்? இந்த விமர்சனம் நியாயமானது. கோபம் வந்ததும் ஆயுதத்தை எடுப்பவராகப் பஷீரைக் காட்டியதும் உறுத்துகிறது.

ஷைலாவின் உள்மனம் நமக்குக் கிடைப்பதேயில்லை என்பது என்னுடைய பெரிய வருத்தம். தாயை, தங்கிய வீட்டை, பேசிய மொழியை எல்லாம் விட்டுவிட்டு வந்தவள் அவள். மொழி தெரியாத நகரத்தில் நாள் முழுக்க என்ன செய்தாள்? நோன்பு நாட்களில் யாரை நினைத்துக்கொண்டாள்? ஒரு பத்து நிமிடம் அதற்குக் கொடுத்திருக்கலாம். மனிதச் சங்கிலியோடு முடியும் முடிவும் எனக்கு அவசரமாகவே படுகிறது. கை கோத்ததும் கலவரம் ஓய்ந்துவிடுவதில்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சிறு குழந்தைகளோடு வேண்டாம். இரட்டையர்களைக் கும்பல் சூழும் காட்சியும் தீக்காட்சிகளும் அவர்கள் தூக்கத்தைக் கெடுக்கும். உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். அவர்களுக்கு 1992-இல் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். தொலைந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு அடைக்கலம் தருபவர் ஒரு திருநங்கை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் இவ்வளவு மரியாதையோடு அப்படி ஒரு பாத்திரம் வந்தது அரிது. அதையும் அவர்களோடு பேசுங்கள்.

இதே பொருளில் வேறு என்ன பார்க்கலாம்?

பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981): பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண், கடலோரக் கிராமம். கடைசியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைகிறார்கள். 'பம்பாய்' எதையும் களையச் சொல்லவில்லை என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் புரியும். கே. பாலசந்தரின் 'மரோ சரித்ரா' (1978) தெலுங்குப் படம்தான், ஆனால் தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் என்பதால் சென்னையில் மொழிமாற்றம் செய்யாமலேயே நீண்ட நாட்கள் ஓடியது. அதன் முடிவு தாங்க முடியாதது. மனம் லேசாக இருக்கும் நாளில் பாருங்கள்.

மிரட்டல் வருகிறது. எங்கே போவது?

2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் ஒப்புதல் தேவையில்லை. மிரட்டப்படும் தம்பதியருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பான தங்குமிடம் ஆகியவற்றை ஏற்படுத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் அல்லது மாநகரக் காவல் ஆணையரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வயதுச் சான்று, ஆதார் அட்டை, மிரட்டல் வந்த செய்திகளின் நகல் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பெண்கள் 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.